டேப்லெட்டை ரீஸ்டோர் செய்த பிறகு விண்டோஸ் ஆக்டிவேட் ஆகவில்லையா? கீ வாங்குவதற்கு முன் இதைப் பாருங்கள்

விண்டோஸ் டேப்லெட்டை ரீசெட் செய்தோ, பேக்கப் இமேஜிலிருந்து ரீஸ்டோர் செய்தோ, பென்டிரைவ் போட்டுப் புதிதாக இன்ஸ்டால் செய்தோ முடித்ததும் திரையின் வலது கீழ் மூலையில் ‘ஆக்டிவேட் விண்டோஸ்’ என்ற மங்கலான எழுத்து வந்து உட்கார்ந்துகொள்ளும். வால்பேப்பரை மாற்றப் போனால் அந்தப் பக்கமே பூட்டியிருக்கும். உடனே பலரும் ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் 25 எழுத்து லைசென்ஸ் கீயைத் தேடப் போகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். டேப்லெட்டோடு வந்த லைசென்ஸ் பெரும்பாலும் எங்கேயும் போயிருக்காது. கடிகாரம் தவறாக இருக்கும், நெட் வந்திருக்காது, இல்லையென்றால் வேறு எடிஷன் (ஹோம், புரோ என்று விண்டோஸில் இருக்கும் வகை) ஏறியிருக்கும். பத்தில் ஒன்றுதான் உண்மையிலேயே லைசென்ஸ் தொலைந்த கதை என்பது என் கணிப்பு.

நான் இங்கே மனதில் வைத்து எழுதுவது 2014, 2015 வாக்கில் வந்த சின்ன டேப்லெட்டுகளை. 8 அல்லது 10 அங்குலத் திரை, இன்டெல் ஆட்டம் பிராசசர், 16 அல்லது 32 ஜிபி ஸ்டோரேஜ், விண்டோஸ் 8.1-உடன் வந்து பிறகு 10-க்கு மாறியவை. 9 அங்குலத்துக்குக் குறைவான திரை உள்ள சாதனங்களுக்கு விண்டோஸ் இலவசம் என்று 2014 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் அறிவித்த பிறகு இவை சந்தையில் குவிந்தன. சர்ஃபேஸ் மாதிரி பெரிய டேப்லெட் வைத்திருப்பவர்களுக்கும் முக்கால்வாசி இதே வழிதான்.

இன்னொன்று. கட்டளைகளையும் எரர் கோடுகளையும் இங்கே உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன். டேப்லெட்டில் ஆங்கில எழுத்துகளில்தான் அடிக்க வேண்டும்.

லைசென்ஸ் எங்கே இருக்கிறது?

விண்டோஸ் 7 காலத்தில் லேப்டாப்பின் அடியில் 25 எழுத்துக் கீ அச்சடித்த ஸ்டிக்கர் இருக்கும். விண்டோஸ் 8 வந்ததிலிருந்து கம்பெனிகள் அந்தக் கீயை மதர்போர்டின் ஃபர்ம்வேருக்குள்ளேயே (போர்டின் சிப்பிலேயே இருக்கும் அடிப்படை மென்பொருள்) எழுதிவிடுகின்றன. எம்எஸ்டிஎம் என்ற அட்டவணையில் அது இருக்கும். பின்னால் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் கீ இல்லையே என்று பதறத் தேவையில்லை, இருக்காது. ஸ்டோரேஜை முழுக்க அழித்தாலும் இந்தக் கீ அழியாது, ஏனென்றால் அது ஸ்டோரேஜில் இல்லவே இல்லை.

இரண்டாவது வகை டிஜிட்டல் லைசென்ஸ். 2015 ஜூலை 29-லிருந்து ஓராண்டுக்கு விண்டோஸ் 10 இலவச அப்கிரேடாகக் கிடைத்தது நினைவிருக்கும். அப்படி மாறிய டேப்லெட்டுக்கு 10-க்கென்று தனியாக ஒரு கீ கொடுக்கப்படவில்லை. அதன் ஹார்ட்வேரை அடையாளமாக வைத்து, ‘இந்தச் சாதனத்துக்கு இந்த எடிஷன் உண்டு’ என்று மைக்ரோசாஃப்ட் சர்வரில் ஒரு பதிவு விழுந்தது, அவ்வளவுதான். அதனால்தான் அப்கிரேட் செய்த ஹோம் எடிஷன் டேப்லெட்டில் கீயைப் பார்த்தால் எல்லோருக்கும் ஒரே மாதிரி, கடைசி ஐந்து எழுத்து 8எச்விஎக்ஸ்7 என்று வரும். புரோ என்றால் 3வி66டி. இது பொதுவான கீ. இதை வைத்து எதையும் ஆக்டிவேட் செய்ய முடியாது, எழுதி வைத்தும் பயனில்லை.

மூன்றாவது, அலுவலகங்களுக்குத் தரும் வால்யூம் லைசென்ஸ். வீட்டு டேப்லெட்டில் இது இருக்கவே கூடாது. இருந்தால், யாரோ ஒருவர் ‘ஆக்டிவேட்டர்’ என்ற திருட்டு ஆக்டிவேஷன் புரோகிராமைப் போட்டிருக்கிறார் என்று அர்த்தம்.

முதலில் கடிகாரமும் நெட்டும்

கேட்டால் சிரிப்பீர்கள், ஆனால் டேப்லெட்டில் அதிகம் மாட்டுவது இதில்தான். மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்து பேட்டரி அடியோடு காலியானால் உள்ளே இருக்கும் கடிகாரமும் நின்றுபோகும். மறுபடி சார்ஜ் போட்டு எழுப்பும்போது தேதி சில ஆண்டுகள் பின்னால் போயிருக்கும். ஆக்டிவேஷன் சர்வரோடு பாதுகாப்பான இணைப்பு ஏற்படுத்த சரியான தேதி வேண்டும், இல்லாவிட்டால் 2எஃப்8எஃப் என்று முடியும் எரர் வரும்.

சரி செய்யும்போது டைம் ஜோனை முதலில் மாற்றுங்கள், பிறகு நேரத்தை. புதிதாக இன்ஸ்டால் செய்த விண்டோஸ் பல சமயம் அமெரிக்கப் பசிபிக் நேரத்தில் நிற்கும். அதைக் கவனிக்காமல் முள்ளை மட்டும் நம் நேரத்துக்குத் திருப்பினால் திரையில் பார்க்கச் சரியாக இருக்கும், ஆனால் விண்டோஸின் கணக்கில் நேரம் அரை நாளுக்கு மேல் தள்ளிப் போயிருக்கும். பட்டியலில் ‘சென்னை, கொல்கத்தா, மும்பை, புதுடெல்லி’ என்றிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். இலங்கையில் இருப்பவர்களுக்கு ஸ்ரீ ஜயவர்தனபுர என்று தனியாக உண்டு. அப்புறம் நேரத்தைத் தானாகச் சரிசெய்யும் வசதியை ஆன் செய்துவிடுங்கள்.

நெட் விஷயம் இன்னும் தொல்லை. பென்டிரைவ் வழியாகப் புதிதாக இன்ஸ்டால் செய்தால் வைஃபையை இயக்கும் மென்பொருளான டிரைவர் காணாமல் போகும், வைஃபை இல்லாமல் டிரைவரை இறக்க முடியாது. டேப்லெட்டில் லேன் போர்ட்டும் கிடையாது. இதற்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது: ஓடிஜி அடாப்டரை (டேப்லெட்டின் சின்ன போர்ட்டில் சாதாரண யூஎஸ்பி கேபிளை மாட்ட உதவுவது) டேப்லெட்டில் செருகி, அதில் உங்கள் ஆண்ட்ராய்ட் போனின் சாதாரண கேபிளை மாட்டி, போனின் செட்டிங்ஸில் கேபிள் வழியே போனின் நெட்டைத் தரும் யூஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். பெரும்பாலும் தனி டிரைவர் எதுவும் கேட்காமல் விண்டோஸ் போனை ஒரு நெட்வொர்க் கார்டாக எடுத்துக்கொள்ளும். தொடுதிரையும் வேலை செய்யவில்லை என்றால் சின்ன யூஎஸ்பி ஹப் ஒன்றும் மவுஸ், கீபோர்டும் வேண்டும். அலுவலக வைஃபை, கல்லூரி வைஃபை, விபிஎன் எல்லாம் ஆக்டிவேஷனைத் தடுக்கலாம், அதனால் போன் டேட்டாவிலேயே முயற்சி செய்வது நல்லது. இதற்குச் செலவாகும் டேட்டா மிகக் கொஞ்சம்தான்.

இந்த இரண்டையும் சரி செய்து ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தாலே பாதிப் பேருக்கு மூலையில் இருந்த எழுத்து மறைந்துவிடும். மறையவில்லை என்றால் மேலே போவோம்.

இப்போது என்ன நிலைமை என்று பாருங்கள்

விண்டோஸ் 10-இல் செட்டிங்ஸ், அப்டேட் அண்ட் செக்யூரிட்டி, ஆக்டிவேஷன். விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், ஆக்டிவேஷன். அங்கே மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: எந்த எடிஷன், ஆக்டிவேட் ஆகியிருக்கிறதா, எரர் கோட் என்ன. போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் போதும்.

அடுத்தது, ஃபர்ம்வேரில் கீ இருக்கிறதா என்று பார்ப்பது. மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் ஷோகீபிளஸ் என்ற இலவச ஆப் கிடைக்கும். திறந்தால் இப்போது இன்ஸ்டால் ஆகியிருக்கும் கீ ஒரு வரியிலும், ஃபர்ம்வேரில் இருக்கும் ஓஇஎம் கீ (தயாரித்த கம்பெனி போட்டது) இன்னொரு வரியிலும், அது எந்த எடிஷனுக்கான கீ என்பதும் தெரியும். அந்த எடிஷன் வரிதான் நமக்கு முக்கியம், கீயைவிட. இந்தியாவில் விற்ற பல சாதனங்களில் இருப்பது ‘ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்’. பார்க்க ஹோம் மாதிரியேதான் இருக்கும், ஆனால் லைசென்ஸ் கணக்கில் அது வேறு, ஹோம் வேறு. நண்பர் கொடுத்த பென்டிரைவில் புரோ இருந்தது, அதைப் போட்டேன் என்று சொல்பவர்கள் இங்கேதான் சிக்குகிறார்கள்.

பழைய டேப்லெட்டை வேறு யாரிடமிருந்தாவது வாங்கியிருந்தால் இன்னொரு சோதனையும் உண்டு. ஸ்டார்ட் பட்டனை நீண்ட நேரம் அழுத்தினால் ஒரு மெனு வரும், அதில் ரன் என்பதைத் தொட்டு, எஸ்எல்எம்ஜிஆர் (slmgr) என்ற ஐந்து எழுத்தை அடித்து, ஓர் இடம் விட்டு, சாய்கோடு (/) போட்டு, அதோடு ஒட்டி எக்ஸ்பிஆர் (xpr) என்று அடியுங்கள். சில விநாடிகளில் ஒரு சின்னப் பெட்டி வரும். நிரந்தரமாக ஆக்டிவேட் ஆகியிருக்கிறது என்று சொன்னால் நல்லது. வால்யூம் ஆக்டிவேஷன் இன்ன தேதியில் காலாவதியாகும் என்று சொன்னால், முன்பு இருந்தவரோ கடைக்காரரோ வேலை காட்டியிருக்கிறார். அந்த வகை ஆக்டிவேஷன் 180 நாள்தான் நிற்கும், நடுவில் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஒரு புரோகிராம் பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும். அது கூடவே வேறு என்ன செய்கிறது என்பது அதை எழுதியவருக்குத்தான் வெளிச்சம். அப்படிப்பட்ட டேப்லெட்டில் பேங்க் ஆப், பேங்க் தளம் எதையும் திறக்காதீர்கள், முழுதாக அழித்துப் புதிதாக இன்ஸ்டால் செய்யுங்கள்.

எரர் கோட் என்ன சொல்கிறது

கோடின் கடைசி நான்கு எழுத்தைப் பார்த்தால் போதும்.

7001 என்று முடிந்தால், இந்தச் சாதனத்துக்கு லைசென்ஸ் எதுவும் கிடைக்கவில்லை என்று அர்த்தம். எஃப்211 என்றால் ஹார்ட்வேர் மாறியிருக்கிறது என்று விண்டோஸ் நினைக்கிறது. இந்த இரண்டுக்கும் முதல் மருந்து ஒன்றுதான்: ஆக்டிவேஷன் பக்கத்தில் இருக்கும் டிரபிள்ஷூட். ஆக்டிவேட் ஆகாமல் இருக்கும்போது மட்டும்தான் அது கண்ணில் படும், அட்மினிஸ்ட்ரேட்டர் அக்கவுண்டில் இருக்க வேண்டும். அது ஓடி முடித்து, முடியவில்லை என்று கைவிரிக்கும்போது ‘சமீபத்தில் ஹார்ட்வேரை மாற்றினேன்’ என்று பொருள்படும் ஒரு வரி வரும். அதைத் தொட்டு உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் நுழைந்தால் உங்கள் சாதனங்களின் பட்டியல் விரியும். பழைய பெயரில் இருக்கும் டேப்லெட்டைத் தேர்ந்தெடுத்து, இப்போது பயன்படுத்துவது இதுதான் என்று டிக் செய்து, ஆக்டிவேட் கொடுங்கள். முன்பே லைசென்ஸை அந்த அக்கவுண்டோடு இணைத்து வைத்திருந்தவர்களுக்குத்தான் இது பலிக்கும் என்பது இதில் இருக்கும் வில்லங்கம்.

எஃப்034, எஃப்210, எஃப்212 மூன்றும் பெரும்பாலும் எடிஷன் தகராறு. லைசென்ஸ் ஒன்றுக்கு இருக்கிறது, ஏறியிருப்பது வேறொன்று. ஹோமிலிருந்து புரோவுக்குக் கீ போட்டு மேலே போகலாம், புரோவிலிருந்து ஹோமுக்குக் கீ போட்டு இறங்க முடியாது, மறுபடி இன்ஸ்டால் செய்ய வேண்டும். சுற்றி வளைக்காமல் அதைச் செய்துவிடுவதுதான் நேரம் மிச்சம்.

சி003 என்றால் கீ தடைசெய்யப்பட்டிருக்கிறது. சி008 என்றால் அளவுக்கு மேல் பல கம்ப்யூட்டர்களில் அதே கீ போடப்பட்டிருக்கிறது. சல்லிசாக வாங்கிய கீக்களில் இந்த இரண்டையும் அடிக்கடி பார்க்கலாம். விற்றவரிடம் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், இன்னொரு கீ தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள், அதுவும் சில மாதங்களில் இதே கதிதான்.

எஃப்074 என்றால் டேப்லெட் அலுவலக சர்வர் ஒன்றைத் தேடுகிறது. வால்யூம் கீ உள்ளே இருக்கிறது. வீட்டில் அப்படி ஒரு சர்வர் கிடையாதே, எப்படிக் கிடைக்கும்?

கீயைக் கையால் போடுவது

ஷோகீபிளஸில் ஓஇஎம் கீ தெரிந்து, அதன் எடிஷனும் இப்போது ஏறியிருக்கும் எடிஷனும் ஒன்றாகவே இருந்து, அப்படியும் ஆக்டிவேட் ஆகவில்லை என்றால் கீயைக் கையால் கொடுங்கள். வேறொருவரின் டேப்லெட்டில் எடுத்த இமேஜை உங்களுடையதில் ரீஸ்டோர் செய்திருந்தால் இதுதான் தீர்வு. அதே மாடல் என்றாலும் அந்த இமேஜுக்குள் அவர் கீதான் இருக்கும், உங்களுடையது ஃபர்ம்வேரில் சும்மா தூங்கிக்கொண்டிருக்கும்.

ஆக்டிவேஷன் பக்கத்தில் கீயை மாற்றும் பட்டன் இருக்கிறது. அது மக்கர் செய்தால் கட்டளைகளை அடிக்கும் கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, எஸ்எல்எம்ஜிஆர், இடம், சாய்கோடு, ஐபிகே (ipk), மறுபடி இடம், பிறகு ஐந்தைந்தாகப் பிரித்த 25 எழுத்துக் கீ. பெட்டி வந்து சரி என்றதும், எஸ்எல்எம்ஜிஆர், இடம், சாய்கோடு, ஏடிஓ (ato). இரண்டாவது கட்டளைதான் சர்வரைக் கூப்பிடுகிறது. கீ அடிக்கும்போது ஒன்று நினைவிருக்கட்டும்: விண்டோஸ் கீக்களில் பூஜ்யம், ஓ, ஐ, 1, எஸ், 5 எதுவுமே வராது. அப்படித் தெரிந்தால் நீங்கள் தவறாகப் படிக்கிறீர்கள். குழப்பம் வருவது பி (B)-க்கும் 8-க்கும், ஜி-க்கும் 6-க்கும்.

இதில் ஒரு விதிவிலக்கு. ஃபர்ம்வேரில் இருப்பது 8.1 கீ, டேப்லெட்டில் இதுவரை ஒருமுறைகூட விண்டோஸ் 10 ஆக்டிவேட் ஆனதில்லை என்றால், அந்தக் கீயைப் 10-க்குப் போட்டுப் பயனில்லை. இலவசக் காலம் 2016-லேயே முடிந்தாலும் பழைய கீக்களைச் சர்வர் பல ஆண்டுகள் ஏற்றுக்கொண்டுதான் இருந்தது. 2023 செப்டம்பரில் அந்த வழியை மைக்ரோசாஃப்ட் அடைத்துவிட்டது. முன்பே 10 ஆக்டிவேட் ஆன டேப்லெட்டுக்கு இதனால் பாதிப்பில்லை, சர்வரில் பதிவு இருக்கிறது. மற்றவர்கள் 8.1-க்குத் திரும்பலாம், ஆனால் அதற்குப் பாதுகாப்பு அப்டேட் 2023 ஜனவரி 10-ஓடு நின்றுவிட்டது.

மறுபடி இன்ஸ்டால் செய்ய வேண்டி வந்தால்

மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூலை வேறொரு கம்ப்யூட்டரில் இறக்கி, 8 ஜிபி பென்டிரைவில் விண்டோஸ் 10 போடுங்கள். இந்த ஆட்டம் டேப்லெட்டுகளில் ஒரு விசித்திரம் உண்டு: பிராசசர் 64 பிட், ஆனால் பலவற்றில் ஃபர்ம்வேர் 32 பிட். 64 பிட் பென்டிரைவைச் செருகினால் பூட் ஆகாது, பென்டிரைவே இல்லாத மாதிரி நடந்துகொள்ளும். டூலில் 32 பிட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பே கிடையாது, அதனால் இவற்றுக்கு 10-தான் கடைசி. அதற்கும் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது, ஆக்டிவேஷன் மட்டும் இன்னும் நடக்கிறது.

தொடங்குவதற்கு முன் இரண்டு வேலை. முதலாவது, டிரைவர்களைக் காப்பாற்றுவது. தொடுதிரை டிரைவர் இந்தச் சின்ன டேப்லெட்டுகளில் மாடலுக்கு மாடல் மாறும், தவறானதைப் போட்டால் விரலை மேலே நகர்த்தினால் சுட்டி பக்கவாட்டில் ஓடும். கமாண்ட் பிராம்ப்ட்டில் டிஸ்ம் என்ற கருவியின் எக்ஸ்போர்ட் டிரைவர் வசதியால் எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டருக்கு எடுத்து மெமரி கார்டில் வைத்துவிடுங்கள். இரண்டாவது, சில டேப்லெட்டுகள் ஸ்டோரேஜைத் தாமாகவே என்கிரிப்ட் செய்திருக்கும். அதற்கான 48 இலக்க ரெகவரி கீ உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் இருக்கிறதா என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், உள்ளே இருக்கும் படங்களும் ஃபைல்களும் வேண்டும் என்றால். இடம் போதவில்லையே என்று ரெகவரி பார்ட்டிஷனை (ரீஸ்டோருக்காக ஸ்டோரேஜில் ஒதுக்கிய பகுதி) அழிக்கும் யோசனையும் வேண்டாம். 8.1-உடன் வந்த 16 ஜிபி டேப்லெட்டுகள் சிலவற்றில் விண்டோஸே அந்தப் பார்ட்டிஷனில் சுருக்கி வைத்த ஃபைலிலிருந்துதான் ஓடுகிறது, அழித்தால் டேப்லெட் எழாது.

இன்ஸ்டால் ஆகும்போது கீ கேட்டால் ‘என்னிடம் கீ இல்லை’ என்பதைத் தொட்டு, வரும் பட்டியலில் பழைய எடிஷனையே தேர்ந்தெடுங்கள். கீ கேட்காமலே போனால் ஃபர்ம்வேரைப் பார்த்து அதுவே எடிஷனை முடிவு செய்துவிட்டது என்று அர்த்தம், அதன் போக்கில் விட்டுவிடுங்கள். முடிந்து நெட் கிடைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆக வேண்டும். உடனே ஆகவில்லை என்றால் ஒரு நாள் விட்டு ஏடிஓ கட்டளையை மறுபடி கொடுத்துப் பாருங்கள்.

போர்டு மாற்றியிருந்தால்

சர்வீஸ் சென்டரில் மதர்போர்டை மாற்றினார்கள் என்றால் மேலே சொன்ன எதுவும் முழுசாக உதவாது, ஏனென்றால் கீயும் அடையாளமும் பழைய போர்டோடு போய்விட்டன. புது போர்டின் ஃபர்ம்வேரில் கீயை ஏற்றித் தருவது தயாரித்த கம்பெனியின் பொறுப்பு. டேப்லெட்டைத் திரும்ப வாங்கும்போதே, கவுன்டரில் நின்றபடி நெட் இணைத்து, ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு கையெழுத்துப் போடுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு கேட்டால் ‘அது சாஃப்ட்வேர், நாங்கள் ஹார்ட்வேர்தான்’ என்பார்கள். இணையத்தில் கிடைத்த பயாஸ் (ஃபர்ம்வேர்) ஃபைலை நீங்களே ஏற்றிக் கீ அழிந்துபோனதென்றால் அவர்களிடம் கேட்கவும் வழியில்லை. அப்போது டிஜிட்டல் லைசென்ஸை அக்கவுண்டில் இணைத்திருந்தால் டிரபிள்ஷூட் காப்பாற்றலாம், இல்லாவிட்டால் முறையான கீ ஒன்று வாங்க வேண்டும். பத்து வருடத்து டேப்லெட்டுக்கு அந்த விலை கொடுப்பது தண்டம் என்றுதான் சொல்வேன். ஆக்டிவேட் ஆகாமலே விண்டோஸ் ஓடும், பிரவுசரும் வீடியோவும் வேலை செய்யும், வால்பேப்பரும் நிறமும் மட்டும் மாற்ற முடியாது, மூலையில் அந்த எழுத்து இருக்கும். லினக்ஸ் போடலாம் என்பவர்கள் போடலாம், ஆனால் 32 பிட் ஃபர்ம்வேர் அங்கேயும் மல்லுக்கட்டும்.

ஆக்டிவேட் ஆனவர்கள் அதே பக்கத்தில் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டைச் சேர்த்துவிடுங்கள். ‘டிஜிட்டல் லைசென்ஸ் உங்கள் அக்கவுண்டோடு இணைக்கப்பட்டது’ என்ற வரி வர வேண்டும், வெறும் ‘டிஜிட்டல் லைசென்ஸ்’ என்று மட்டும் இருந்தால் இன்னும் இணையவில்லை. பிறகு டேப்லெட்டுக்கு அடையாளம் தெரிகிற மாதிரி ஒரு பெயர் வையுங்கள், இல்லையென்றால் அடுத்த முறை பட்டியலைத் திறக்கும்போது டெஸ்க்டாப் என்று தொடங்கி ஏதோ எழுத்துகளில் முடியும் நாலைந்து பெயர்களில் எது இது என்று தெரியாது.